இராத்திரிச் சாப்பாட்டுக்கும் ஒரு பேச்சுவார்த்தை

(பிறையில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், லீவு இவற்றைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது குழம்பைப் பற்றி. சிரிக்க வேண்டாம். நம் வீட்டுச் சண்டைகளில் எத்தனை சண்டை குழம்புச் சட்டியில் ஆரம்பமாகிறது என்று தாய்மார்களைக் கேளுங்கள், கணக்குச் சொல்வார்கள்.

தோட்டத்தில் பால்வெட்டிய காலத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போனோம். காலையில் வெறும் கோப்பி, ரொட்டி. மத்தியானம் ஆளுக்கொரு நேரம். இன்று நம்மில் பலர் பிறைத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறோம். அங்கும் அதே கதைதான். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவது இராத்திரி ஒரு வேளை. அந்த ஒரு வேளையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கழிந்தால், உழைத்து என்ன பயன்?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நான் உள்ளே இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். எனக்குச் சாம்பார், முருங்கைக்கீரை, பொரித்த கருவாடு இருந்தால் போதும். என் சம்சாரம் பிறை ஆற்றோரத்துப் பெண். ஒரு காலத்தில் ரயில் பிறையோடு நின்றுவிடும். அங்கிருந்து படகேறித்தான் பினாங்குத் தீவுக்குப் போக வேண்டும். அந்த ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பம் அவளுடையது. பச்சை மீனும், நல்ல புளிப்பும், பெலாச்சான் சம்பாலும் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. எனக்கோ பெலாச்சான் வாசனை வந்தாலே தலைவலி.

கல்யாணமான புதிதில் அவள் இரண்டொரு முறை மீன்குழம்பு வைத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு எட்டு வருஷம் எங்கள் வீட்டில் சாம்பார்தான். நான் அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தொழிற்சங்கக் கூட்டம் முடிந்து, நிர்வாகத்தோடு எப்படிப் பேசினோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்: "மேனேஜர்கிட்ட பேசுற மாதிரி எங்கிட்ட ஒருநாளாவது பேசியிருக்கீங்களா? எனக்குப் பிடிச்சதை நான் சமைச்சு எட்டு வருஷம் ஆச்சு."

தோழர்களே, எனக்குப் பதில் வரவில்லை. வெளியே உரிமை கேட்கிற நான், வீட்டுக்குள் ஒரு துரையாக இருந்திருக்கிறேன்!

கொஞ்சம் பழைய கதையைப் பாருங்கள். 1920களின் பிற்பகுதியில் அரசாங்கம் தோட்டத் தொழிலாளியின் அரிசிக்கும் பருப்புக்கும் துணிக்கும் கணக்குப் போட்டது. முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தது. 1930இல் அதையும் 40 காசு, 32 காசு என்று குறைத்தார்கள். பெண்ணுக்கு வயிறு சிறியது என்று எண்ணினார்களோ என்னவோ! 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அரிசி மறைந்து, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. உனக்கு என்ன பிடிக்கும் என்று அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆகவே, இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்க முடிவதே நம் முன்னோர் கஷ்டப்பட்டு நமக்குத் தந்த வசதி. அந்த வசதியை ஆண் ஒருவனே அனுபவிப்பது நியாயமா?

பிறகு நாங்கள் பேசினோம். வீட்டுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டோம்.

முதல் ஷரத்து: மாலை ஆறு மணிக்கு அடுப்பின் முன்னால் நின்று முடிவு செய்வதில்லை. அப்போது இருவருக்கும் பசி, களைப்பு, கோபம். முதல் நாள் இராத்திரியே மறுநாள் சமையலை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடும்போது குறை சொல்லக் கூடாது.

இரண்டாவது ஷரத்து: உலை ஒன்று, ருசி இரண்டு. இதை நான் நாசி கண்டார் கடையில் கற்றேன். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கட்டையைத் தாங்கி, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் தொங்க, ஜோர்ஜ் டவுன் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். சோறு எல்லாருக்கும் ஒன்று. மேலே ஊற்றுவது அவரவர் விருப்பம். நம் வீட்டிலும் அப்படியே செய்யலாம். மீனை மஞ்சளும் உப்பும் தடவி வைத்துப் பாதியைப் பொரிக்கலாம், பாதியைப் புளிக்குழம்பில் போடலாம். பருப்பை ஒரே தடவை வேகவைத்து, புளி ஊற்றுமுன் பாதியைத் தனியே எடுத்து வைக்கலாம். சம்பால் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

இரண்டு ருசி என்றால் வேலையும் இரட்டிப்பாகுமே என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதுதான் மூன்றாவது ஷரத்து: கூடுதலாக ஒன்று வேண்டுமென்று கேட்பவர், அதைத் தானே செய்ய வேண்டும். எனக்குப் பொரித்த மீன் வேண்டுமென்றால் நான்தான் பொரிக்கிறேன். முதல் வாரம் கருக்கினேன். கருகியதை நானே தின்றேன். கரண்டி பிடிப்பதால் ஆண்மை குறைந்துவிடவில்லை.

எந்த ஒப்பந்தத்தையும் காலத்துக்கேற்பத் திருத்த வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது மறுபடியும் பேச வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே இது பல வீடுகளின் பிரச்சினை. நோயாளிக்கென்று தனிச் சட்டி வைத்தால், அவன் மற்றவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நாங்கள் எல்லாருமே சோற்றைக் குறைத்தோம்; கீரையையும் மீனையும் கூட்டினோம். என் சம்சாரத்தின் மீன்தான் இப்போது எனக்கு மருந்தாகவும் ஆகிவிட்டது!

பெலாச்சான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டுமென்று ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் அதை அம்மியில் அரைத்துக் கொடுப்பவன் நான்தான். அவள் சாப்பிடுவதைப் பார்க்கும்போது, அந்த எட்டு வருஷத்தை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

தோழர்களே, இன்று இராத்திரி வீட்டுக்குப் போனதும், "என்ன சமைத்தாய்?" என்று கேட்காதீர்கள். "நாளைக்கு உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால், எத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.