தாய்மரம் இல்லாமல் காடு இல்லை



"மரத்தை வெட்டினால் என்ன? மறுபடியும் நட்டுக்கொள்ளலாமே!" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ரப்பரையும் செம்பனையையும் வெட்டி மறுநடவு செய்து பழகிய சமுதாயம் நாம். அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் காடு வேறு, தோட்டம் வேறு. இதைப் புரிந்துகொள்ள, சபா மாநிலத்தில் லகாட் டத்துவுக்கு மேற்கே உள்ள தானும் பள்ளத்தாக்கைச் சற்றுப் பார்ப்போம்.

438 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பழமையான மழைக்காடு அது. சுற்றிலும் வெட்டுமரத் தொழில் நடந்த காலத்திலும் இப்பகுதி ஒதுக்கி வைக்கப்பட்டது. 1995-இல் முதல் வகுப்புப் பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஒரு மஞ்சள் மெராந்தி மரத்தின் மீது 2019-இல் ஆள் ஏறி, நாடாவால் அளந்தார்கள். உயரம் 100.8 மீட்டர்! பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 'மெனாரா', அதாவது கோபுரம், என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

மெராந்தி இன மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் நாம் கணித்துச் சொல்ல முடியாத காலத்தில், பல இனங்கள் ஒன்றுசேர்ந்து பூத்துக் காய்க்கின்றன. காட்டுப்பன்றியும் வண்டும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை கொட்டுகிறது. மிஞ்சியவை முளைக்கின்றன. விதைக்குச் சிறகு உண்டு. ஆயினும் பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே சுழன்று விழுகிறது. சில வாரங்களுக்குள் முளைக்காவிட்டால் பட்டுப்போகும். நெல்லைப் போல் காயவைத்துக் குதிரில் சேமிக்க முடியாது. முளைத்த கன்றும் நிழலில் பல ஆண்டுகள் காத்திருக்கும். பெரிய மரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் விழுந்தால்தான் அது தலைதூக்கும்.

அப்படியானால் மறுநடவு வீணா? வீணில்லை. தானும் அருகே 1980-களில் வெட்டப்பட்ட காட்டைப் பற்றிய ஆய்வு 2020-இல் வெளியானது. தானாக மீளும் பகுதி ஆண்டுக்கு ஹெக்டருக்கு 2.9 டன் கரிமத்தைச் சேர்த்தது. கன்று நட்டு, கொடிகளை வெட்டிப் பராமரித்த பகுதியோ 4.4 டன் சேர்த்தது. ஆனால் நடுவதற்குக் கன்று வேண்டும். கன்றுக்கு விதை வேண்டும். விதைக்குத் தாய்மரம் வேண்டும். அதையே வெட்டிவிட்டு எதை நடுவது?

இது சபாவோடு நிற்கும் விஷயமல்ல. சிலாங்கூரில் கோல லங்காட் வடக்கு வனக்காப்பின் பெரும்பகுதி 2021-இல் வனக்காப்புத் தகுதியை இழந்தது. ஈடாக வேறு நிலம் தருவதாகவும் சொல்லப்பட்டது. பொதுமக்கள் உரக்கக் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது.

ஆகவே நேயர்களே, "வேறிடத்தில் மரம் நடுகிறோம்" என்று யாராவது சொன்னால், "நன்றி, அங்கேயும் நடுங்கள், இங்குள்ளதையும் விட்டுவையுங்கள்" என்று சொல்லுங்கள். ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தரும்போது ஒரு கடிதமாவது எழுதிப் போடுங்கள்.