தீவில் வீடு வாங்குமுன்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஓய்வுக்காலத்திற்கென அந்தமானிலேயே ஒரு வீடு வாங்கலாமா என்று நம் சங்கத்து அன்பர் பலர் வினவுகின்றனர். வாங்கலாம், ஆனால் கடலின் அழகைக் கண்டு மயங்கி முன்பணம் கொடுத்துவிடலாகாது. மூன்றினை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, உரிமை. 1966-ஆம் ஆண்டு நிலவருவாய் ஒழுங்குமுறைப்படி இத்தீவுகளின் நிலமெல்லாம் அரசைச் சார்ந்தது. குடியிருப்போர் பெற்றிருப்பது விதிகளுக்குட்பட்ட அனுபோக உரிமையே. ஆகவே விற்பவர் காட்டும் பத்திரம் மட்டும் போதாது. தாசில்தார் அலுவலகப் பதிவேட்டில் அவர் பெயர் உள்ளதா, அது வீட்டுமனையா விளைநிலமா, மாற்றிக் கொடுக்க அனுமதி உண்டா என்பவற்றை நாமே நேரிற் கண்டறிதல் வேண்டும். பழங்குடியினர்க்கென 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி ஒதுக்கப்பட்ட பகுதிகளிலோ ஒரு சாண் நிலமும் நமக்கு விலைக்கில்லை.

இரண்டாவது, நிலத்தின் உயரம். 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களிற் புகுந்த கடல்நீர், அலை ஓய்ந்த பின்னும் வடியவில்லை. பதிவேட்டில் பிழையில்லாத நிலமும் நீருக்குள் போயிற்று.

மூன்றாவது, குடிநீர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தும், சரிவில் விழும் நீர் விரைந்து கடலை அடைந்துவிடுகிறது. கோடையில் குழாய் நீருக்கு நாட்கணக்கிற் காத்திருக்கிறோம். ஆதலால் வீட்டை ஏப்ரல் மாதத்திற் சென்று பாருங்கள். மழைநீர்த் தொட்டி உண்டா என்று கேளுங்கள்.

ஊரிலுள்ள காணியை விற்று இங்கே மனை தேடுவோர் நம்மில் உண்டு. அப்பணம் வீணாயின், இரு கரையிலும் நமக்கு இடமில்லை என்பதை மறவாதிருப்போமாக.