பழம் படங்களைத் திருத்தலாமா?

தாய்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்குப் பழைய திரைப்படம் வெறும் பொழுதுபோக்கு அன்று. மும்பை மாட்டுங்காவின் அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களைக் கேட்டால், அது ஊரையும் உறவையும் கண்முன் கொணர்ந்த ஒரு சாளரம் என்பார்கள். அந்தப் படங்களை இன்று நம் பேரக் குழந்தைகளுக்குக் காட்ட விழைகிறோம். ஆனால் நாம் கண்ட படத்தைத்தான் அவர்களும் காண்பார்களா? இந்த ஐயம் எழுவதற்குக் காரணம் உண்டு. ஆகவே பழம் படங்களைப் புதுப்பித்தல், மீண்டும் எடுத்தல், திருத்துதல் ஆகிய மூன்றையும் இன்று சிறிது ஆராய்வோம். இவை மூன்றும் ஒன்றல்ல.

புதுப்பித்தலைப் பற்றி இரு கருத்துக்கு இடமில்லை. சத்யஜித் ராய் 1955-இல் அளித்த ‘பதேர் பாஞ்சாலி’யின் மூலச் சுருள்கள் 1993-இல் லண்டனில் நேர்ந்த தீ விபத்தில் கருகிச் சிதைந்தன. வல்லுநர்கள் எஞ்சிய சுருள்களைப் பொறுமையுடன் செப்பனிட்டு, அழிந்த பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பினர். 2015-இல் அப்படம் மீண்டும் திரைக்கு வந்தது. கிழிந்த ஏட்டுச் சுவடியைப் படி எடுத்துக் காப்பதற்கு ஒப்பான பணி இது. அவ்வாறு காப்பாரின்றி நாம் இழந்தவை பல. 1931-இல் வெளிவந்த ‘ஆலம் ஆரா’ இந்தியாவின் முதல் பேசும் படம். ‘காளிதாஸ்’ அதே ஆண்டில் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம். இரண்டில் எதையும் இன்று காண இயலாது.

மீண்டும் எடுத்தலிலும் பெருங் குற்றம் இல்லை. மெஹ்பூப் கான் 1940-இல் ‘ஔரத்’ என்ற படத்தை எடுத்தார். அதே கதையை 1957-இல் ‘மதர் இந்தியா’ எனப் புதிதாகப் படைத்தார். பின்னது பெரும் புகழ் பெற்றது. முன்னதற்கு அதனால் ஊறு நேரவில்லை. புதிய படம் சிறக்கவில்லை என்றாலும் இழப்பு அதை எடுத்தவருக்கே. பழையது தன் இடத்திலேயே நிற்கும்.

இடர்ப்பாடு மூன்றாவதில்தான் உள்ளது. பழைய படத்தின் உடலிலேயே கைவைத்து, அதை மாற்றிப் பழைய பெயரிலேயே வெளியிடுவது தகுமா?

கே. ஆசிபின் ‘மொகலே ஆஸம்’ 1960-இல் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கண்ணாடி மாளிகையில் அனார்கலி பேரரசர் முன்னிலையில் அஞ்சாது ஆடிப் பாடும் காட்சி வண்ணத்தில் எடுக்கப்பட்டது. முழுப் படத்தையும் வண்ணத்தில் எடுக்க ஆசிப் விரும்பினார் என்பது உண்மை, அது கைகூடவில்லை. 2004-இல் கணிப்பொறியின் துணையால் படம் முழுவதற்கும் வண்ணம் தீட்டி வெளியிட்டனர். புதிய தலைமுறையினர் பலர் அதனைத் திரையரங்கிலேயே கண்டு மகிழ்ந்தனர். இது நன்மையே. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. கறுப்பு வெள்ளையிலே நெடுநேரம் சென்ற கதை, அந்தப் பெண் காதலைத் துணிந்து உரைக்கும் கணத்தில் வண்ணமாக மலர்ந்தது அன்றோ? எல்லாக் காட்சியும் வண்ணமாகிவிட்டபின் அந்த வியப்பு எங்கே?

அண்மையில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. 2013-இல் ‘ராஞ்ஜனா’ என்ற இந்திப் படம் வந்தது. காசியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அதன் நாயகன். ஆதலின் அது நம் போன்றோர் கதையுமாகும். நாயகன் இறுதியில் உயிர் துறக்கிறான். தமிழில் அதற்கு ‘அம்பிகாபதி’ என்று பெயரிட்டனர். கம்பரின் மகன் அம்பிகாபதி சோழன் மகள் அமராவதியை விரும்பி உயிரிழந்த கதை தமிழர் அறிந்ததே. பெயரே முடிவைச் சொல்லிற்று. 2025 ஆகஸ்டு மாதம் அத் தமிழ்ப் பதிப்பை மறுபடியும் திரையிட்டபோது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றி, நாயகனைப் பிழைக்கச் செய்தனர். இயக்குநர் ஆனந்த் எல். ராய், நாயகன் தனுஷ் இருவரும் வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தனர். எனினும் படம் ஓடியது. அம்பிகாபதி பிழைத்துக்கொள்ளும் கதையை நம் குழந்தைகளுக்கு எந்தப் பெயரால் சொல்வது?

சட்டத்தைத் துணைக்கு அழைக்கலாம் என்றால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரையே கொள்கிறது, இயக்குநரை அன்று. அவ்வுரிமையும் படம் வெளிவந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகளே. அதன்பின் காவல் ரசிகர் கையில்தான் இருக்கிறது.

மாற்றம் அனைத்தும் தீது என்று நாம் கூறவில்லை. 1975-இல் வந்த ‘ஷோலே’யில் தாக்கூர் தம் பகைவனைத் தாமே கொல்வதாக ரமேஷ் சிப்பி முதலில் எடுத்திருந்தார். அது தணிக்கைக்கு ஏற்காமையால், காவலர் வந்து தடுப்பதாக முடிவு மாறியது. முதலில் எடுத்த முடிவைச் சேர்த்துச் செப்பனிட்ட படம் 2025-இல் திரையேறியது. படைத்தவன் நினைத்ததை மீட்டுத் தந்த மாற்றம் இது. ஆயினும், ஐம்பது ஆண்டுகள் மக்கள் கண்ட முடிவும் வரலாறே, அதையும் அழியவிடலாகாது.

ஆகவே நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். மாற்றம் படைத்தவரின் கருத்துக்கு இசைந்ததா? மாற்றியது இன்னதென்று படத்தின் முகப்பிலேயே அறிவித்தார்களா? பழைய வடிவம் விரும்புவோர்க்குக் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் வரவேற்போம். கடைசிக் கேள்விக்கு இல்லை என்ற விடை வருமாயின், எத்துணை அழகிய மாற்றமானாலும் ஏற்கலாகாது.

புனேயில் 1964-இல் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் சுருள்களோடு சுவரொட்டிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துக் காத்து வருகிறது. நம் வீட்டுப் பெட்டிகளிலும் அத்தகைய பாட்டுப் புத்தகங்கள் உறங்கக்கூடும். அவற்றைக் குப்பையில் எறியாதிருப்போம். நம் தமிழ்ச் சங்கங்களில் பழைய படம் திரையிடும்போது, அது வந்த ஆண்டையும், திரையிடுவது எந்த வடிவம் என்பதையும் அவையோர்க்குச் சொல்லிவிட்டுத் தொடங்குவோம். ஊரை விட்டு வந்த நாம் உடன் கொண்டுவந்த செல்வம் சிறிது. அதை உள்ளவாறே பிள்ளைகளிடம் ஒப்படைப்போம்.