ஏற்றமும் இறக்கமும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

என்னை 'ஏற்ற இறக்கம்' பற்றிப் பேசச் சொன்னார்கள். விலைவாசிக்கும் இந்தச் சொல்லைச் சொல்றோம், மலைப்பாதைக்கும் சொல்றோம், வாழ்க்கைக்கும் சொல்றோம். எங்க ஆச்சி கமலை இறைச்ச கதையைச் சொல்லுவா. மாடு சரிவுல கீழே இறங்குனாத்தான் தண்ணிச் சால் மேலே ஏறி வருமாம். ஏற்றமும் இறக்கமும் ஒரே கயித்துல கட்டினதுதான்னு சொல்லுவா.

தென்காசிக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. ஆனி, ஆடியில் சாரல் அடிச்சா மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கே பார்த்தாலும் கூட்டம். சாரல் நின்னா கடைத்தெருவே காலி.

எங்க வீட்டுக்காரர் சீசனுக்கு சிப்ஸ் கடை போடுவார். 2020 சீசனை நம்பி மாசி மாதம் குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் வாங்கிக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். பங்குனியில் ஊரடங்கு வந்தது. அந்த வருஷம் சீசனுக்கு அருவியில் யாரையும் குளிக்க விடவில்லை. 2021 சீசனும் அப்படியே போச்சு. தவணை கட்ட முடியாமல் கூட்டத்துக்கே போகாமல் இருந்தேன். "அது நொடிச்சுப் போன குடும்பம்" என்று ஒருவர் பேசியது என் காதுக்கு வந்தது. சோறு இறங்கவில்லை.

எங்க ஊக்குநர் அக்கா வீட்டுக்கே வந்தார். "நொடிச்சுப் போச்சுன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். நீ இறக்கத்துல இருக்க, அவ்வளவுதான். கூட்டத்துக்கு வா" என்றார். குழு பேசித் தவணையைக் குறைத்தது. நான் பீடி சுற்றினேன். 2023 ஆடியில் கடைசித் தவணையைக் கட்டினேன்.

இப்போ சொல்லப் போறதுதான் எனக்கு வெட்கமான விஷயம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் உயிர் போச்சு. குளிக்கத் தடை போட்டார்கள். அங்கே தட்டுக்கடை போடும் எங்க குழுத் தங்கச்சி இரண்டு மாதம் தவணை கட்டலை. கூட்டத்தில் முதலில் சத்தம் போட்டது யார் தெரியுமா? நான்தான்! அவள் ஒன்றும் பேசாமல் பாஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் ஒருநாள் அப்படித்தான் இருந்தேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. விடிஞ்சதும் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எங்க குழுவில் ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். சீசன் பிழைப்புக்காரங்க ஆனி, ஆடியில் தவணையைக் கூட்டிக் கட்டலாம், மற்ற மாதம் குறைத்துக் கட்டலாம். தவணை தவறினால் கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் விசாரிக்கணும்.

அக்கா தங்கச்சிகளே, கணக்கில் கண்டிப்பு வேணும், அது நம்ம எல்லார் காசு. ஆனால் யாரையும் நொடிச்சவள்னு சொல்லாதீங்க. ஏறி நிற்கும்போது ஒருத்திக்குக் கை கொடுத்தா, நாம இறங்கும்போது அவள் கை நமக்கு இருக்கும்.