கடல் கடத்தப்பட்டோர்க்கு நடுகல் எங்கே?

(சவ்வாது மலை, சமுனாமரத்தூரில் ஆற்றப்பெற்ற உரை)



இம்மலையடியில், செங்கம் பகுதியெங்கும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை காக்கப் போரிட்டு வீழ்ந்தவன் பெயரும் அவன் காலத்து வேந்தன் பெயரும் ஆட்சியாண்டும் அவற்றில் பொறிக்கப்பெற்றுள்ளன. பல்லவர் காலத்து எளிய மறவனும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெயரோடு வாழ்கின்றான். ஆனால் கடல் கடத்தப்பட்ட மறவர்க்கு நாம் செய்ததென்ன?

1801ஆம் ஆண்டு வெள்ளையரை எதிர்த்துத் தென்னாடே கிளர்ந்தெழுந்தது. அவ்வாண்டு அக்தோபர் 24ஆம் நாள் மருது உடன்பிறப்பினர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அத்தோடு வெள்ளையர் சினம் தணியவில்லை. கி.பி. 1802 (தி.ஆ. 1833) பிப்ரவரி 11ஆம் நாள், 73 சிறையாளிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியினின்று ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பல் புறப்பட்டது. அவர்கள் சென்று சேர்ந்த இடம் பினாங்குத் தீவு. அந்தமான் சிறைக்குடியிருப்பு 1858இல் தோன்றுமுன்பே, பெங்கூலனும் பினாங்கும் சிறையாளிகளின் வியர்வையால் வளர்ந்த குடியேற்றங்கள்!

அக்கப்பலில் சென்றவருள் ஒருவர், வேலு நாச்சியாரின் மருமகனார், சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையாத்தேவர். அவர் அதே ஆண்டில் சுமத்திராவின் பெங்கூலனில் உயிர்நீத்தார். மற்றொருவன் சின்ன மருதுவின் மகன், இளஞ்சிறுவன் துரைச்சாமி.

சேம்சு வெல்சு என்னும் வெள்ளைப் படைத்தலைவர், போருக்கு முன் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர். 1818இல் பினாங்கில் துரைச்சாமியைக் கண்டபோது அவருக்கே அடையாளம் தெரியவில்லை. இளமையிலேயே முதுமை எய்தி நின்றான் அவன்! இச்செய்தியைத் தம் நூலில் எழுதி வைத்தவரும் பகைவரே. தமிழர் எழுதி வைக்கவில்லை.

எழுபத்து மூவருள் நம் நாவில் நிற்கும் பெயர்கள் எத்தனை? இரண்டோ மூன்றோ! தளையிட்டவன் ஏட்டில் எழுதினான். தளைப்பட்டவன் வழிவந்தோர் மறந்தனர். இஃது அடிமைத்தனத்தின் எச்சம் அன்றோ?

ஓர் ஆவுக்காக மாண்டவனுக்குக் கல் நட்ட இனம், நாட்டுக்காகக் கடல் கடந்து மாண்டவனை மறக்கலாமா? சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பெனியாரின் அந்நாளைய ஏடுகள் உள்ளன. கற்ற இளைஞர்கள் ஆங்குச் செல்லுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்து அப்பெயர்களை மீட்டெடுங்கள். தூத்துக்குடிக் கரையில் அவற்றைத் தமிழில் கல்லில் வெட்டி நிறுத்துவோம். பெயர் மீட்பதும் ஆநிரை மீட்பதே!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!