உலை ஆறும் நாள்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியின் இரும்பு ஆலைகளில் பழைய இரும்பை உருக்கும் மின்தூண்டல் உலை, அதாவது சுருளில் பாயும் மின்னோட்டத்தால் உலோகத்துக்குள்ளேயே வெப்பத்தை எழுப்பும் உலை, ஓயாமல் எரியக்கூடியதன்று. உருகிய இரும்பு அரித்து உட்பூச்சு தேய்ந்தவுடன் உலையை நிறுத்தி, ஆறவிட்டு, பழைய பூச்சைப் பெயர்த்து, புதிய மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, மெல்லச் சூடேற்றிய பிறகே மறுபடி உருக்கத் தொடங்குவர். அந்த நிறுத்தம் உற்பத்திக் கணக்கிலேயே இடம்பெறுவதால் அதை எவரும் சோம்பலென்று சொல்வதில்லை; உலையருகே நிற்பவருக்கோ அப்படியொரு நிறுத்தத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

அவருக்கு நிறுத்தம் வெளியிலிருந்தே வருகிறது. 2019ஆம் ஆண்டு கனரக வாகன விற்பனை சரிந்தபோது, எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலைக்குச் செப்டம்பரில் மட்டும் 16 வேலையற்ற நாள்கள் அறிவிக்கப்பட்டன. பேராலை நின்றால் அதற்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகளில் ஷிப்ட் குறையும். அங்குள்ளவருக்குச் சட்டத்தின் துணையும் குறைவு. வேலையுறவு முறியாமல் வேலை மட்டும் தற்காலிகமாக இல்லாதுபோவதை லே-ஆஃப் என்பர். அந்நாள்களுக்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதியைத் தரவேண்டுமென 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்த விதி, 50 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களுக்கும், பதிலி மற்றும் தற்காலிகத் தொழிலாளருக்கும் பொருந்தவில்லை. கூலியில்லாத ஒருவரிடம் ‘மனத்தை அமைதியாக வைத்துக்கொள்’ என்பது அறிவுரையாகாது.

ஆயினும் அவர் கையிலும் சில முடிவுகள் உள்ளன. தமிழில் விடுதல் வேறு, விட்டுக்கொடுத்தல் வேறு. ஒரே கம்பெனியில் ஓய்வுவரை இருந்துவிடலாம் என்ற எண்ணத்தையும், பழகிய ஓர் எந்திரத்தைக் கொண்டே தன் மதிப்பை அளக்கும் வழக்கத்தையும் களைவது விடுதல். உழைத்துச் சேர்த்த உரிமையைப் பதற்றத்தில் கைகழுவுவது விட்டுக்கொடுத்தல். வேலை போனபின் பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுச் சேவை வேண்டும்; 8 ஆண்டு உழைத்தவர் அப்பங்கை எடுத்துவிட்டால், அடுத்த வேலையில் முதலாம் ஆண்டிலிருந்தே எண்ண வேண்டும். மாறாக, அந்தச் சேவையைக் காத்துவைக்கும் திட்டச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம், அல்லது புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். சில வாரப் பொறுமை இங்கே பல ஆண்டு உழைப்பைக் காக்கிறது.

அந்த வாரங்களைக் கடக்க ஓரளவு துணையும் உண்டு. இ.எஸ்.ஐ. கழகம் 2018இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, வேலையிழந்த காப்பீட்டாளருக்கு ஆயுளில் ஒருமுறை 90 நாள்கள்வரை உதவித்தொகை தர வகைசெய்தது. 2020இல் அத்தொகை சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதன் தற்போதைய விதிகளைக் கிளை அலுவலகத்தில் கேட்டறிவதே வேலையிழந்தவரின் முதற்பணியாகட்டும். எந்தப் படிவத்திலும் கையெழுத்திடுமுன் தம் சேவை ஆண்டுகளை அவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அதுவரை ‘வேலை கிடைத்ததா?’ என்று வீட்டார் நாள்தோறும் கேளாதிருக்கட்டும்.