செவிலியர் பட்டயமும் முதல் வேலையும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று செயலாளர் கேட்டபோது, சங்கத்தின் வரலாற்றைப் பிறர் கூறட்டும், செவிலியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை தேடும் நம் பெண்களைப் பற்றி நான் கூறுகிறேன் என்றேன். படித்து முடிக்கும்வரை நாம் எல்லோரும் துணை நிற்கிறோம். முடித்த மறுநாள் முதல் அப்பெண் தனித்துவிடப்படுகிறாள். எங்கே விண்ணப்பிப்பது, யாரிடம் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கலாகாது என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. மருத்துவமனையில் பணிபுரிந்த அத்தையோ சித்தப்பாவோ நம் தெருவில் எத்தனை பேருக்கு உண்டு?

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம். தந்தை கூலி வேலை செய்பவர். மூன்றாண்டுப் பட்டயம் கைக்கு வந்த பத்தாம் நாளே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாள். வீட்டில் கடன் இருந்தது. அவளைக் குறை கூற எனக்கு மனம் வராது. சேர்ந்த அன்றே அவளுடைய மூலச் சான்றிதழ்கள் அனைத்தையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். ஈராண்டு விலகமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் பெற்றார்கள். எட்டாம் மாதம் அரசுப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள்.

அவளும் அவள் தந்தையும் நானும் அம்மருத்துவமனையில் ஒரு பகற்பொழுது முழுவதும் காத்து நின்றோம். மேலாளர் என்னை நோக்கி, "இவள் உங்களுக்கு என்ன உறவு?" என்றார். ஆசிரியர் என்றேன். "ஊர் எது? எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி. அக்கேள்வியின் பொருளை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து கடன் பெற்றுப் பணத்தைக் கட்டினோம். சரிபார்ப்புக்கு முந்திய மாலைதான் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதையும் பிணை எழுதி வாங்குவதையும் இந்திய நர்சிங் கவுன்சிலே ஏற்பதில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். இத்தனை ஆண்டு ஆசிரியப் பணி செய்தும் அன்று எனக்கு அது தெரியாமற்போனது இன்றளவும் உறுத்துகிறது.

ஆகவே, பட்டயம் பெற்றவுடன் செய்ய வேண்டியவற்றைக் கேளுங்கள். முதலாவது, தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்வது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த பதிவு அது. அது இல்லாவிடில் கையில் உள்ள பட்டயத்தால் பயன் இல்லை. அடுத்து வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. பிறகு சாதிச் சான்றிதழ். திருமணமான பெண்ணாயினும் அது தந்தையின் பெயரால் இருத்தல் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ள எழுத்துகளே அதிலும் இருத்தல் வேண்டும். ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காடும், அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்குரிய 3 விழுக்காடும், பழங்குடியினர்க்குரிய 1 விழுக்காடும் அத்தாள் சரியாக இருந்தால்தான் நம்மை வந்தடையும். தனியார் வேலைக்குச் செல்லவே வேண்டாம் என்று நான் கூறவில்லை. நகலைக் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டு உடனே திரும்பப் பெறுங்கள்.

அரசுப் பணிக்கு ஆள் எடுப்பதற்கென 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. 2015இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு எழுத்துத் தேர்வு நடந்தது. தேர்ந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தமாகவே அமர்த்தப்பட்டார்கள். நிரந்தரம் கோரி அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். பின்னர் அத்தொகை 14,000 ஆகி, 18,000 ஆயிற்று. கொரோனாக் காலத்தில் 2020இல் சேர்க்கப்பட்டவர்களின் ஒப்பந்தமோ 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. அரசு வேலை என்றதும் வீட்டில் கடன் வாங்கி விருந்து வைப்பவர்கள், ஆணையில் "ஒப்பந்தம்" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

சம்பளம் கேட்க நம் பெண்கள் கூசுகிறார்கள். சேவை மனப்பான்மை வேண்டாமா என்று கேட்டே வாயடைத்து விடுகிறார்கள். என் பாட்டி ஊருக்கெல்லாம் பேறு பார்த்தவள். பின்வாசல் வழியே அழைப்பார்கள். முறத்தில் சிறிது நெல் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சேவை அவளோடு போகட்டும். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் கட்டளைப்படி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனையில் அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியமும், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும் தரப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது சட்டம் அன்று. ஆயினும் நேர்காணலில் இத்தொகையை அறிந்து பேசுகிறவளுக்கும் அறியாதவளுக்கும் வேற்றுமை உண்டு. எத்தனை படுக்கை, எந்த வார்டு, இரவுப்பணி மாதத்தில் எத்தனை நாள், விடுதிக்குப் பிடித்தம் எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

பட்டயந்தானே, பட்டம் இல்லையே என்று குன்றிப் போகிறவர்களும் உளர். அமெரிக்காவில் 1952இல் தோன்றிய ஈராண்டுச் செவிலியர் படிப்பை முடித்தவர்களும், நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களும் ஒரே உரிமத் தேர்வையே எழுதுகிறார்கள். இருந்தும் பெரிய மருத்துவமனைகள் பல பட்டம் பெற்றவர்களையே முதலில் அழைக்கின்றன. ஈராண்டு படித்தவர் பலர் முதியோர் காப்பகம் போன்ற இடங்களில் தொடங்கி, வேலையில் இருந்தபடியே பட்டத்தையும் முடிக்கிறார்கள். இங்கும் பட்டயக்காரர்க்கு ஈராண்டுப் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிப்பு உள்ளது. வெளிநாடு செல்ல விழைவோர் தெருமுனைத் தரகரிடம் பணம் கட்டுமுன், 1978 முதல் இயங்கிவரும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை விசாரியுங்கள்.

நான் கூறிய மாணவி இன்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறாள். சங்கக் கடனைப் பத்துத் தவணைகளில் அடைத்தாள். இவ்வாண்டு பயிற்சி முடித்துள்ளோர் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தம் சான்றிதழ்களோடு நம் வாசகசாலைக்கு வருக. விண்ணப்பங்களை உடனிருந்து நிரப்பித் தருவேன். நகல்களில் சான்றொப்பம் கேட்கும் அலுவலகங்கள் இன்னும் உள்ளன. பச்சை மையும் முத்திரையும் கொண்டு வருகிறேன்.